கதை போலிருக்கும், கணக்கில் இருக்கும்: அமெரிக்கக் கிராமங்களுக்குப் போன ஐரிஷ் குடும்பங்கள்

#1 பழையபட்டா

ஐரிஷ்காரர்கள் அமெரிக்கா போன கதை என்றாலே பாஸ்டன், நியூயார்க், போலீஸ் வேலை, சாராயக்கடை என்று முடித்துவிடுகிறோம். புல்வெளிக்கும் தீவுக்கும் சுரங்க ஊருக்கும் போனவர்கள் பக்கம் யாரும் திரும்புவதில்லை. இத்தனைக்கும் அவர்கள் விட்டுப்போன காகிதம்தான் அதிகம். நகரத்தில் வாடகைக்கு இருந்தவன் பெயர் பத்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பில் வரும். நிலம் எழுதி வாங்கியவனோ எத்தனை ஜன்னல் வைத்தான் என்பதுவரை அரசுக் கோப்பில் கிடக்கிறான்.

இந்த இழைக்கு ஒரே ஒரு நிபந்தனை. வினோதமாக இருக்கட்டும், ஆனால் ஏதாவது ஒரு பதிவேட்டில் கால் ஊன்றியிருக்க வேண்டும். பாட்டி சொன்னாள் என்பது மட்டும் போதாது.

நானே தொடங்குகிறேன். 1879-80இல் அயர்லாந்தின் மேற்குக் கரையில் மறுபடியும் பஞ்சம். லிவர்பூலில் இருந்த பாதிரியார் ஜேம்ஸ் நூஜென்ட், மின்னசோட்டாவின் ஆயர் ஜான் அயர்லாந்திடம் (ஆமாம், பெயரே அதுதான்) உதவி கேட்டார். 1880 ஜூனில் கானமாரா பகுதியிலிருந்து ஏறத்தாழ 300 பேர் கால்வே துறைமுகத்தில் 'ஆஸ்ட்ரியன்' என்ற கப்பலில் ஏறி பாஸ்டனில் இறங்கினார்கள். அங்கிருந்து மின்னசோட்டாவின் மேற்கு எல்லையில் பிக் ஸ்டோன் மாவட்டத்து கிரேஸ்வில். குடும்பத்துக்கு 160 ஏக்கர், ஒரு வீடு, கருவிகள், விதை, அதில் 5 ஏக்கர் ஏற்கெனவே உழுது கொடுத்தது. பலருக்குப் பேச்சு ஐரிஷ் மொழியில்தான்.

அக்டோபர் நடுவிலேயே பனிப்புயல் வந்துவிட்டது. 1880-81 குளிர்காலம் அந்தப் பக்கத்து வரலாற்றிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று. பக்கத்து ஊர்க்காரர்கள் போய்ப் பார்த்து, பட்டினி கிடக்கிறார்கள் என்று பத்திரிகைக்குச் சொல்ல, பெரிய அவதூறாகிவிட்டது. கடைசியில் ஆயர் அவர்களில் பெரும்பாலோரை செயின்ட் பால் நகரத்துக்குக் கொண்டுபோனார். ஃபேலன் ஓடைக்கரையில் அவர்கள் குடிசை போட்ட இடத்துக்கு 'கானமாரா பேட்ச்' என்றே பெயர் வந்துவிட்டது.

160 ஏக்கர் கையில் கிடைத்தும் ஒரே வருடத்தில் விட்டுவிட்டு ஓடைக்கரைக்கு வந்த கூட்டம். ஏன் என்று பேசலாம்.

#2 குறுக்குக்கேள்வி

ஏன் என்பதற்கு அன்றைக்கே ஆயர் தரப்பு பதில் சொல்லிவிட்டது. சொந்த நிலத்தை உழாமல் கூலிக்குப் போனார்கள், கொடுத்த உருளைக்கிழங்கைப் பாதுகாக்காமல் உறையவிட்டார்கள், சோம்பேறிகள் என்று. அதே கிரேஸ்வில்லில் வேறு ஐரிஷ் குடும்பங்கள் நன்றாகத்தானே நிலைத்தன? மண் ஒன்று, குளிர் ஒன்று. ஆள்தானே வேறு?

#3 கரிசல்காட்டான்

ஆள் வேறு இல்லை ஐயா, முதல் வேறு. ஆயரின் மற்றக் குடியேற்றங்களுக்கு வந்தவர்கள் கையில் ஓரளவு பணத்தோடு, பலர் ஏற்கெனவே அமெரிக்காவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். இவர்கள் நேரே கப்பலிலிருந்து.

உழவுக் கணக்கைப் பாருங்கள். புல்வெளி மண்ணில் வேர்ப்பின்னல் கம்பளம் மாதிரி இறுகிக் கிடக்கும். அதை முதல்முறை பெயர்க்க சாதாரணக் கலப்பை உதவாது. நீண்ட சாய்வான இறக்கை உள்ள தனிக் கலப்பை வேண்டும், அதை இழுக்க இரண்டு மூன்று ஜோடி எருது. அப்படியும் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஏக்கர்தான். மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கத்துக்குள் மெல்லிசாகப் பெயர்த்துப் புரட்டிப்போட வேண்டும், அப்போதுதான் புல் மக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னும் கொஞ்சம் ஆழமாக எதிர்ப்புரட்டு. அதற்கு அடுத்த வசந்தத்தில்தான் கோதுமை. அதாவது முதல் வருடம் விளைச்சல் என்பதே கிடையாது. பெயர்த்த கட்டிக்கு நடுவே கோடாரியால் வெட்டிச் சோளமோ உருளையோ ஊன்றலாம், கிடைத்தால் லாபம். சீக்கிரம் பெயர்த்தாலும் கெடுதல், தாமதமாகப் பெயர்த்தாலும் கெடுதல். ஆகஸ்டில் பெயர்த்த கட்டி மக்காமல் செங்கல்லாகக் காய்ந்து அடுத்த வருட விதைப்பையும் கெடுக்கும்.

இவர்கள் வந்து சேர்ந்தது ஜூன் இறுதி. விதைப்பு முடிந்துவிட்டது. கையில் காசு இல்லை, எருது இல்லை, குளிருக்கு நாலு மாதம்கூட இல்லை. கூலிக்குப் போகாமல் வேறென்ன செய்வான்? கானமாராவில் இவர்கள் வைத்திருந்தது பாறைக்கு நடுவே சில ஏக்கர் துண்டு. மண்வெட்டியால் பாத்தி பிடித்து, கடற்பாசியைச் சுமந்து கொட்டி, உருளை போடுவது. கலப்பை பிடித்துப் பழக்கமில்லாதவனை எருது இல்லாமல் 160 ஏக்கரில் நிறுத்திவிட்டுச் சோம்பேறி என்றால் எப்படி?

#4 குறுக்குக்கேள்வி

எருது விஷயம் ஒப்புக்கொள்கிறேன். உருளையை உறையவிட்டது?

#5 கரிசல்காட்டான்

கால்வே கடற்கரையில் மண் ஆழமாக உறையாது. உருளையைக் குழியில் போட்டு வைக்கோலும் கொஞ்சம் மண்ணும் மூடினால் வசந்தம்வரை இருக்கும். மின்னசோட்டாவில் மண் சில அடி ஆழம்வரை உறையும். நிலவறை தோண்டாமல் வைத்தால் ஒரே இரவில் போச்சு. அதை யாராவது அவர்களுக்கு ஐரிஷில் சொன்னார்களா என்பதுதான் கேள்வி. சொந்த ஊர் வழக்கப்படி சரியாகத்தான் வைத்தார்கள், ஊர்தான் மாறிவிட்டது.

#6 ஏட்டுச்சுருள்

சண்டைக்கு நடுவே தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. கானமாரா குடும்பங்களை 1880 கூட்டாட்சிக் கணக்கெடுப்பில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கணக்கு நாள் ஜூன் 1. அன்றைக்கு இவர்கள் அயர்லாந்தில்தான் இருந்தார்கள். அடுத்த 1890 கணக்கெடுப்பு 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தோடு கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டது. ஆக 1900 வரை இருபது வருட ஓட்டை.

அதை அடைப்பது மின்னசோட்டாவின் மாநிலக் கணக்கெடுப்பு. 1885, 1895, 1905 மூன்றும் இருக்கின்றன. 1885இல் பிக் ஸ்டோன் மாவட்டத்தை மட்டும் பார்த்தால் நிலைத்தவர்கள்தான் கிடைப்பார்கள். ஓடைக்கரைக்குப் போனவர்கள் செயின்ட் பால் இருக்கும் ராம்சே மாவட்டத்தில் இருப்பார்கள். இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

#7 மேற்குமலை

வினோதம் என்றால் நெப்ராஸ்காவின் ஓ'நீல் ஊரை விடக்கூடாது. ஊர் நிறுவிய ஜான் ஓ'நீல், ஃபீனியன் (அயர்லாந்து விடுதலைக்காகப் போராடிய ஐரிஷ் இயக்கம்) படைத்தலைவர். அயர்லாந்துக்கு விடுதலை வேண்டும், பிரிட்டன் எட்டாத தூரத்தில் இருக்கிறது, ஆகவே பக்கத்தில் இருக்கும் கனடாவைப் பிடித்துப் பணயமாக வைப்போம் என்பது திட்டம். விளையாட்டில்லை. நயாகரா ஆற்றைக் கடந்து 1866 ஜூன் 2இல் ரிட்ஜ்வேயில் கனடியப் படையை ஓடவும் வைத்தார். 1870இல் மறுபடி போய்த் தோல்வி. 1871 அக்டோபரில் மூன்றாவது முறை, மனிடோபா எல்லையில் பெம்பினா பக்கம் ஹட்சன் பே கம்பெனியின் வணிகநிலையத்தைப் பிடித்தார்கள். முந்தைய வருடம்தான் எல்லையை மறு அளவீடு செய்திருந்தார்கள். புதுக் கோட்டின்படி அந்த இடம் அமெரிக்காவுக்குள் இருந்தது! கனடா மீது படையெடுத்தவர் அமெரிக்காவையே பிடித்து, அமெரிக்க ராணுவத்தாலேயே கைதானார்.

அதற்கப்புறம்தான் மனிதர் நிலத்தின் பக்கம் திரும்பினார். 1874 மே மாதம் நெப்ராஸ்காவின் ஹோல்ட் மாவட்டத்துக்கு வந்த முதல் கூட்டம்: ஆண்கள் 13, பெண்கள் 2, குழந்தைகள் 5. எல்லோரும் தங்க ஒரே ஒரு மண்கட்டி வீடு. அதற்கு 'கிராண்ட் சென்ட்ரல் ஹோட்டல்' என்று பெயர் வைத்தார்கள். நக்கல் கூடவே கப்பலேறி வந்திருக்கிறது. அந்தக் கோடையிலேயே வெட்டுக்கிளிப் படை நெப்ராஸ்காவை மொட்டையடித்தது. 1878 ஜனவரியில் ஓ'நீல் ஒமாஹாவில் இறந்தார். ஊர் நிலைத்துவிட்டது.

#8 தேன்மொழி

மண்கட்டி வீடு என்றால் நம்ம ஊர் மண்சுவர் மாதிரியா? எப்படிக் கட்டுவார்கள்?

#9 கரிசல்காட்டான்

இல்லை தேன்மொழி, குழைத்த மண் இல்லை. புல்லோடு வேரோடு பெயர்த்த கட்டி. ஓரடிக்கு மேல் அகலம், மூணு நாலு அங்குலக் கனத்தில் நீளப் பட்டையாக உழுதெடுத்து, இரண்டு மூன்றடித் துண்டாக மண்வெட்டியால் நறுக்குவார்கள். புல் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, செங்கல் போலவே இணைப்பு மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். இரண்டு மூன்று வரிசைக்கு ஒருமுறை குறுக்கே போட்டுக் கட்டு கொடுப்பது. சுவர் கனம் இரண்டு மூன்றடி. 16க்கு 20 அடி வீட்டுக்குக் கிட்டத்தட்ட அரை ஏக்கர் புல்தரை காலியாகும். அன்றன்று அடுக்கும் அளவுக்குத்தான் அன்றன்று உழ வேண்டும். காய்ந்தால் கட்டி உதிரும், ஒட்டாது.

ஜன்னல் சட்டத்தின் தலைமேல் இடைவெளி விட்டுத் துணியோ புல்லோ அடைப்பார்கள். சுவர் முதல் வருடம் கணிசமாக அமுங்கும், இடைவெளி விடாவிட்டால் கண்ணாடி நொறுங்கிவிடும். குளிருக்கும் காற்றுக்கும் பலகை வீட்டைவிட நல்லது. கெடுவது கூரை. மழை பெய்தால் உடனே ஒழுகும், மழை நின்றபிறகும் ஒரு நாள் இரண்டு நாள் சொட்டிக்கொண்டிருக்கும். நனைந்த கூரையின் பாரத்தில் உத்தரம் முறிவதும் உண்டு. மேற்கூரைக்கு அடியில் மல்துணி கட்டுவது அழகுக்கில்லை, சோற்றில் மண்ணும் பாம்பும் விழாமல் இருக்கத்தான்.

#10 பழையபட்டா

அந்த வீட்டின் அளவுதான் இன்றைக்குக் கோப்பில் கிடைக்கிறது என்பது அடுத்த வினோதம். ஹோம்ஸ்டெட் (அரசு நிலத்தில் குடியேறி உழுது பட்டா வாங்கும் ஏற்பாடு) கோப்பைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எழுதிவிடுகிறேன்.

1862 சட்டப்படி 160 ஏக்கர்வரை எழுதிக்கொள்ளலாம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர்தான். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, உழுது, அதை நிரூபித்தால் பட்டா. அவசரமிருந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம் (1891க்குப் பிறகு 14 மாதம்). கல்யாணமாகாத பெண், விதவை, குடும்பத் தலைவி எல்லோரும் சொந்தப் பெயரில் எழுதலாம்.

எல்லோரும் இணையத்தில் பட்டாவின் படத்தை இறக்கிவிட்டு நின்றுவிடுகிறார்கள். பட்டாவில் பெயர், நில விவரம், தேதி தவிர ஒன்றுமில்லை. சாறு முழுக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கோப்பில். அதைக் கேட்க வேண்டிய விவரங்கள் பட்டாவிலிருந்தே கிடைக்கும்: மாநிலம், நில அலுவலகத்தின் பெயர், இறுதிச் சான்றிதழ் எண், டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் (நில அளவைக் கட்டங்களின் பெயர்கள்), எந்தக் கால்பகுதி. எண்ணைக் குறிக்கும்போது அது ஹோம்ஸ்டெட் வகையா, பணம் கட்டி வாங்கிய வகையா, மரம் நடும் சட்டத்து வகையா என்று சொல்ல வேண்டும். மூன்றுக்கும் தனித்தனி வரிசை. ஒரே எண் மூன்றிலும் இருக்கும், வகை சொல்லாவிட்டால் யாரோ ஒருவருடைய கோப்பு வரும். நெப்ராஸ்கா கோப்புகள் ஏற்கெனவே படமெடுத்து இணையத்தில் ஏறிவிட்டன, எழுதிக் கேட்கத் தேவையில்லை.

உள்ளே இருப்பது: விண்ணப்பம், பிரமாணம், உரிமையாளரின் வாக்குமூலம், சாட்சிகள் இருவரின் வாக்குமூலம், பத்திரிகை விளம்பரத்தின் கத்தரிப்பு. வாக்குமூலத்தில் எப்போது குடிவந்தாய், வீடு எத்தனை அடி, கதவு ஜன்னல் எத்தனை, கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உழுதாய், எத்தனை போகம் எடுத்தாய், குடும்பத்தில் எத்தனை பேர், ஊரைவிட்டு எவ்வளவு நாள் போயிருந்தாய், ஏன் என்றெல்லாம் கேள்வி வரும். அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்தான் பொன். குளிர்காலத்தில் ரயில்பாதை வேலைக்குப் போனது, பிரசவத்துக்கு மனைவி வேறு ஊர் போனது எல்லாம் அங்கேதான் பதிவாகும்.

வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைச் சான்றின் நகலும் இருக்கும். 1906 செப்டம்பருக்கு முன்னால் எந்த மாவட்ட நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் குடியுரிமை வாங்கலாம் என்பதால், எங்கே வாங்கினார் என்று தேடி அலைபவர்கள் ஏராளம். கோப்பில் அந்த நீதிமன்றத்தின் பெயர் இருக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மூன்று இடத்தில் கால் இடறும்.

கணவன் நடுவில் இறந்தால் விதவைதான் நிரூபிப்பாள், பட்டா அவள் பெயரில் வரும். மறுமணம் செய்திருந்தால் புதுக் குடும்பப்பெயரில்.

பத்திரிகை விளம்பரத்தில் நான்கு சாட்சிகளின் பெயர் இருக்கும், வந்து சொல்வது இருவர். மற்ற இரண்டு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மச்சானோ ஒரே ஊர்க்காரனோதான்.

மூன்றாவது, கைவிட்டுப் போனவர்கள். பட்டா பட்டியலில் அவர்கள் இருக்க மாட்டார்கள், பட்டாவே தரவில்லையே. அவர்களுக்கு நில அலுவலகத்தின் டிராக்ட் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செக்‌ஷனிலும் யார் யார் எழுதினார்கள், எது ரத்தானது என்று வரிசையாக இருக்கும். ரத்தான விண்ணப்பத்துக்கும் கோப்பு உண்டு. நிலத்தை விட்டு ஓடியவன் கதை வெறும் வாய்வழிக் கதையாகப் போய்விட வேண்டிய அவசியமில்லை என்று சொல்வது இதனால்தான்.

#11 தேன்மொழி

சேமித்து வைத்துக்கொண்டேன். நன்றி பழையபட்டா ஐயா.

#12 வடகாற்று

160 ஏக்கரைப் பெரிதாகப் பேசுகிறீர்கள். டெக்சாஸில் ஐரிஷ் குடும்பத்துக்கு 4,605 ஏக்கர் கொடுத்தார்கள். கொடுத்தது அமெரிக்கா இல்லை, மெக்சிகோ.

1820களின் இறுதியில் டெக்சாஸ் மெக்சிகோவிடம் இருந்தது. குடியேறுபவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐரிஷ்காரர் பிறவியிலேயே அந்தத் தகுதியோடு வருகிறார். ஜான் மக்மல்லன், ஜேம்ஸ் மக்ளோயின் இருவரும் சான் பட்ரீசியோவுக்கும், ஜேம்ஸ் பவர், ஜேம்ஸ் ஹியூட்சன் இருவரும் ரெஃபூஹியோவுக்கும் ஒப்பந்தம் வாங்கினார்கள். பவர் 1833-34இல் அயர்லாந்தில் தன் சொந்த மாவட்டமான வெக்ஸ்ஃபோர்டுக்குப் போய் ஆள் திரட்டினார். நியூ ஆர்லியன்ஸில் காலரா, டெக்சாஸ் கரையில் கப்பல் தரைதட்டியது. கிளம்பியவர்களில் பலர் நிலத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் இரண்டே வருடத்தில் 1836இல் டெக்சாஸ் மெக்சிகோவிலிருந்து பிரிந்த போருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள்.

ஏக்கர் கணக்கு இப்படி: 5,000 வாரா பக்கமுள்ள சதுரம் ஒரு சீத்தியோ. வாரா என்பது 33⅓ அங்குலம். பெருக்கினால் 4,428 ஏக்கர், மேய்ச்சலுக்கு. கூடவே 1,000 வாரா பக்கமுள்ள ஒரு லபோர், 177 ஏக்கர், பயிருக்கு. தனியாளுக்கு சீத்தியோவில் கால்பங்கு. மெக்சிகோப் பெண்ணைக் கட்டினால் இன்னொரு கால்பங்கு கூடுதல். பவரே போர்டில்லா குடும்பத்து அக்கா தங்கை இருவரை, ஒருவர் இறந்தபின் மற்றவராக, மணந்தவர்.

தேடுபவர்களுக்கு: ஆவணம் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பொது நில அலுவலகத்தில், ஸ்பானிஷ் மொழியில். ஜேம்ஸ் என்று தேடினால் கிடைக்காது, சாண்டியாகோ என்று தேடுங்கள். ஜான் என்பவர் ஹுவான், வில்லியம் என்பவர் கியெர்மோ. குடும்பப்பெயரையும் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

#13 ரயில்தண்டவாளம்

ஐரிஷ் தீவிலிருந்து அமெரிக்கத் தீவுக்கு ஊரே இடம்பெயர்ந்த கதை ஒன்று உண்டு. மிச்சிகன் ஏரியில் பீவர் தீவு. அங்கே 1850 ஜூலையில் ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்ற மார்மன் (ஒரு அமெரிக்க மதப் பிரிவு) தலைவர் தனக்கு மகுடம் சூட்டச்செய்து அரசராகவே இருந்தார். 1856 ஜூனில் அவரைச் சுட்டார்கள், அடுத்த மாதம் இறந்தார். அவரைப் பின்பற்றிய ஆயிரக்கணக்கானோரை ஒரு கும்பல் கப்பலேற்றித் துரத்தியது. காலியான வீட்டிலும் வயலிலும் வந்து அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள். அதில் முக்கியமான கூட்டம் டோனிகல் கரைக்கு அப்பாலுள்ள ஆரன்மோர் தீவிலிருந்து. அங்கே நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள், இங்கே இன்னொருவர் வெளியேற்றப்பட்ட நிலத்தில்.

ஊர்ப்பெயர்களை அவர்கள் மாற்றவே இல்லை. செயின்ட் ஜேம்ஸ், கிங்ஸ் ஹைவே, ஜெனசெரத் ஏரி எல்லாம் மார்மன் வைத்த பெயர்கள், இன்றும் அதேதான். 1866 முதல் 1898 வரை பங்குத்தந்தையாக இருந்த பீட்டர் கால்லகர் ஐரிஷ் பேசுபவர்.

தேடும்போது வரும் சிக்கல்: கால்லகர், பாயில், ஓ'டானல் என்று இரண்டு மூன்று குடும்பப்பெயரில் பாதித் தீவு. நம்ம ஊரில் நாலு முருகேசன் இருந்தால் மேலத்தெரு முருகேசன், டெய்லர் மகன் முருகேசன் என்று பிரிப்போமே, அதேதான் அங்கேயும். அப்பா பெயர், தாத்தா பெயர், சில சமயம் அம்மா பெயரையும் ஒட்டிக் கூப்பிடுவார்கள். அந்த ஒட்டுப்பெயர் அரசுக் கணக்கெடுப்பில் வராது. ஆகவே பெயரை விட்டுவிட்டு ஞானஸ்நானப் பெற்றோர் பெயர்களைக் கோத்துக் குடும்பத்தைப் பிரிக்க வேண்டும்.

#14 குறுக்குக்கேள்வி

இதெல்லாம் ஓகே. நியூயார்க்கில் குடியேறிகள் வந்திறங்கும் நிலையமாக இருந்த எல்லிஸ் தீவில் முதலாவதாக இறங்கிய ஆனி மூர் டெக்சாஸ் பண்ணைப்பக்கம் போய் மின்ரயிலில் அடிபட்டு இறந்தார் என்று எங்கேயோ படித்தேன். அதுவும் இந்த இழைக்குப் பொருந்துமே.

#15 ஏட்டுச்சுருள்

பொருந்தும், எப்படித் தேடக்கூடாது என்பதற்கு. 1892 ஜனவரி 1இல் 'நெவாடா' கப்பலில் கார்க் பகுதியிலிருந்து தம்பிகள் இருவரோடு வந்திறங்கி 10 டாலர் தங்கக்காசு வாங்கிய ஆனி மூர் டெக்சாஸ் பக்கமே போகவில்லை. நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியிலேயே வாழ்ந்து, ஜோசப் ஷாயர் என்பவரை மணந்து, 1924இல் இறந்தார். கல்வரி கல்லறைத் தோட்டத்தில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் கிடந்தார். டெக்சாஸில் 1923இல் இறந்த அம்மையாருக்கும் கன்னிப்பெயர் ஆனி மூர்தான், அவ்வளவுதான் ஒற்றுமை. அவர் பிறந்தது இல்லினாய்ஸில். கணக்கெடுப்பில் பிறந்த இடம் என்ற கட்டத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். 2006இல்தான் மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் முடித்துவைத்தார். அதுவரை எல்லிஸ் தீவு விழாவுக்கே டெக்சாஸ் வாரிசுகளைத்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

வயதையும் கவனியுங்கள். அன்றைக்கு 15 என்று பத்திரிகைகள் எழுதின, உண்மையில் 17. அயோவாவின் கேட் ஷெல்லிக்கும் இதே கதை. 1881 ஜூலை 6 இரவு, புயலில் ஓர் ஓடைப்பாலம் உடைந்து எஞ்சின் கவிழ்ந்தபோது, டீமாய்ன் ஆற்றுப் பாலத்தைக் கைகால் ஊன்றித் தவழ்ந்து கடந்துபோய் பயணிகள் ரயிலை நிறுத்தச்செய்த பெண். அயர்லாந்தில் பிறந்து மொயிங்கோனாவில் வளர்ந்தவர். 15 வயதுச் சிறுமி என்றே கதை. பிறந்த ஆண்டு ஒரு கணக்கில் 1865, இன்னொன்றில் 1863. அந்தத் தலைமுறை ஐரிஷ்காரர்கள் வயதை மனக்கணக்காகத்தான் சொன்னார்கள்.

#16 வடகாற்று

மனக்கணக்கு என்றதும் அயர்லாந்துப் பக்கத்து விஷயம் ஒன்று. 1909 ஜனவரியில் 70 வயது ஆனவர்களுக்கு ஓய்வூதியம் தொடங்கியது. அரசுப் பிறப்புப் பதிவு 1864இல்தான் ஆரம்பம், ஆகவே யாரிடமும் சான்று இல்லை. 1839 ஜனவரி 6 இரவு அடித்த பெரும்புயல் நினைவிருக்கிறதா என்று கேட்டு வயதை முடிவு செய்தார்கள். நினைவு இருந்தால் 70. ஊரே அந்தப் புயலை நினைவு வைத்திருந்தது, ஆச்சரியமில்லை.

1901 கணக்கெடுப்பையும் 1911 கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து வருடத்தில் பதினாலு, பதினைந்து வயது கூடியவர்கள் வரிசையாக வருவார்கள். புயல் நினைவில் இல்லாதவர்களுக்காக அதிகாரிகள் 1841, 1851 கணக்கெடுப்பில் தேடிச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து மூலக் கணக்கெடுப்பு பெரும்பாலும் சாம்பலானது. அந்தச் சீட்டுகள் பிழைத்தன. அமெரிக்கா போனவரின் அண்ணனோ தங்கையோ ஊரில் தங்கி 1909க்குப் பிறகு ஓய்வூதியம் கேட்டிருந்தால், மொத்தக் குடும்பமும் அந்தச் சீட்டில் இருக்க வாய்ப்புண்டு. கடல் தாண்டிப் போனவரையே தேடிக்கொண்டிராமல் தங்கியவரைத் தேடுங்கள்.

#17 ரயில்தண்டவாளம்

பென்சில்வேனியாவின் டஃபீஸ் கட் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1832இல் டெர்ரியிலிருந்து 'ஜான் ஸ்டாம்ப்' கப்பலில் வந்தவர்கள் உட்பட 57 ஐரிஷ் கூலிகள், மால்வெர்ன் அருகே ரயில்பாதைக்கு மண் நிரப்பும் வேலையில் சேர்ந்து, சில வாரத்தில் எல்லோரும் இறந்தார்கள். காலரா என்றார்கள். பத்திரிகையில் வந்தது எட்டோ ஒன்பதோ பேர் என்றுதான். உண்மை எண்ணிக்கை ரயில் கம்பெனிக் கோப்பில் இருந்தது. கம்பெனித் தலைவரின் உதவியாளராக இருந்தவர் அதைப் பத்திரப்படுத்த, பேரன்மார் வில்லியம் வாட்சன், ஃபிராங்க் வாட்சன் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு தேடினார்கள். நிலத்தடி ரேடார் வைத்துப் பார்த்து 2009இல் முதல் எலும்பு. கிடைத்த ஏழு பேரில் சிலர் மண்டையில் அடிபட்ட தடம். காலராவுக்கு மண்டை உடையாது.

ஒருவருக்கு மேல்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்று பிறவியிலேயே முளைக்கவில்லை. கப்பல் பட்டியலில் டோனிகலைச் சேர்ந்த 18 வயது ஜான் ரடி இருந்தார். அயர்லாந்தில் ரடி குடும்பத்தாரிடம் அதே பல் குறை உண்டு என்று தெரியவந்தது. 2013இல் டோனிகலின் ஆர்டரா ஊரில் புதைத்தார்கள்.

#18 தேன்மொழி

அனாதைக் குழந்தைகளை ரயிலேற்றி அனுப்பிய கதையும் இதில் சேருமா? அரிசோனா வழக்கு.

#19 ஏட்டுச்சுருள்

கண்டிப்பாக. 1904 அக்டோபரில் நியூயார்க் ஃபவுண்ட்லிங் மருத்துவமனை (கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம்) கன்னியாஸ்திரிகள் ஐரிஷ் கத்தோலிக்கக் குழந்தைகள் 40 பேரை அரிசோனாவின் கிளிஃப்டன், மொரென்சி சுரங்க ஊர்களுக்குக் கொண்டுவந்து, பங்குத்தந்தை தேர்ந்தெடுத்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் குடும்பங்கள் மெக்சிகோக்காரர்கள். வெள்ளைக்காரக் குழந்தையை மெக்சிகோக்காரனிடமா என்று ஊர் கொதித்தது. இரவில் ஆயுதத்தோடு வீடுவீடாகப் போய்ப் பறித்தார்கள். 19 குழந்தைகளை ஊர் வெள்ளைக்காரர்களே வைத்துக்கொண்டார்கள், 21 பேர் கன்னியாஸ்திரிகளோடு திரும்பினார்கள். மருத்துவமனை வழக்குப் போட்டுத் தோற்றது. 1906இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தனக்கு அதிகார வரம்பில்லை என்று கைவிரித்தது. கொடுமை என்னவென்றால், நியூயார்க்கில் ஐரிஷ்காரன் என்றாலே முகம் சுளித்த காலம் அது. அரிசோனாவில் இறங்கியதும் அந்தக் குழந்தைகள் திடீரென்று 'நம்ம வெள்ளைக்காரக் குழந்தைகள்' ஆகிவிட்டார்கள்.

மருத்துவமனையின் பழைய ஆவணங்கள் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன.

#20 தேன்மொழி

இன்னொரு சந்தேகம். எந்த அமெரிக்க ஆவணத்திலும் 'அயர்லாந்து' என்பதோடு நின்றுவிடுகிறது. எந்த ஊர் என்று எப்படிப் பிடிப்பது?

#21 பழையபட்டா

குடியுரிமைத் தாளை நம்பி உட்கார வேண்டாம். 1906க்கு முன் அதில் விக்டோரியா ராணிக்கு விசுவாசம் துறந்தேன் என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. கல்லறைக் கல்லைப் பாருங்கள், ஐரிஷ்காரர்கள் மாவட்டத்தோடு பங்கின் பெயரையும் செதுக்கும் வழக்கம் உண்டு. பங்குக் கோயில் திருமணப் பதிவேட்டைப் பாருங்கள். 1831 முதல் 1921 வரை பாஸ்டன் 'பைலட்' பத்திரிகையில் காணாமல்போன சொந்தக்காரரைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. கால்வாயிலும் ரயில்பாதையிலும் ஊர் ஊராகப் போனவர்களைத் தேடி அக்கா தம்பிகள் கொடுத்தவை. பிறந்த பங்கு, கப்பலேறிய வருடம், கடைசியாகக் கேள்விப்பட்ட ஊர் எல்லாம் இருக்கும்.

அதிலும் கிடைக்காவிட்டால் ஹோம்ஸ்டெட் சாட்சிகளின் ஊரைத் தேடுங்கள். அந்தக் குடும்பப்பெயரும் உங்கள் குடும்பப்பெயரும் ஒரே பங்கில் சேர்ந்து வருகிறதா என்று 1847-64இல் அயர்லாந்தில் எடுத்த கிரிஃபித் நிலமதிப்பீட்டில் பாருங்கள். அரிதான பெயராக இருந்தால் ஒரு மாலையில் முடியும். மர்ஃபி, கெல்லி என்றால் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

#22 குறுக்குக்கேள்வி

பழையபட்டாவுக்கு: மின்னசோட்டா ஸ்விஃப்ட் மாவட்டத்தில் டி கிராஃப் பக்கம், செக்‌ஷன் 17 என்று ஒரு விவரம் இருக்கிறது. ஹோம்ஸ்டெட் என்று குடும்பத்தில் சொல்கிறார்களாம். பட்டா பட்டியலில் பெயர் இல்லை. டிராக்ட் புத்தகம் பார்க்கச் சொல்லலாமா?

#23 பழையபட்டா

அதற்கு முன் எண்ணைப் பாருங்கள். டவுன்ஷிப் ஒன்றுக்கு 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். ரயில் கம்பெனிக்கு மானியம் கொடுத்த பகுதியில் ஒற்றைப்படை எண்ணெல்லாம் கம்பெனிக்கு, இரட்டைப்படை அரசிடம். டி கிராஃபும் கிளான்டார்ஃபும் ஆயர் அயர்லாந்து செயின்ட் பால் அண்டு பசிஃபிக் ரயில் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு விற்ற நிலத்தில் எழுந்தவை, 1876இல் தொடங்கி. 17 என்றால் பெரும்பாலும் கம்பெனியிடம் காசுக்கு வாங்கியது, தவணையில். கூட்டாட்சிக் கோப்பே இருக்காது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திர அட்டவணையில், வாங்கியவர் பக்கத்தில் தேடச் சொல்லுங்கள். விற்றவர் கட்டத்தில் கம்பெனியின் பெயர் இருக்கும். தவணை முடிந்தபிறகுதான் பத்திரம் பதிவாகும், ஆகவே குடிவந்த வருடத்தில் தேடாமல் ஏழெட்டு வருடம் தள்ளியும் பார்க்க வேண்டும்.

அதே ஊரில் யாராவது 16 என்றோ 36 என்றோ சொன்னால் அது பள்ளிக்கூட நிதிக்கு ஒதுக்கிய செக்‌ஷன். அதற்கு மாநில அரசின் பள்ளி நில விற்பனைப் பதிவேடு தனி.